நகையை வைக்காதீர்கள், ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கொடுங்கள்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டாள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) ஆக ஆசைப்படுகிறாள். தாய்மாமனோ, நகையை அடகு வைத்தாவது சென்னையில் ஐ.ஏ.எஸ். கோச்சிங்கில் சேர்க்கச் சொல்கிறார். பிள்ளைக்குப் படித்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. என்ன செய்வது?

கவலை நியாயமானது, ஐயா. ஆனால் நகைக்கடன் வேண்டவே வேண்டாம். படித்தது நிற்காத நிலையில் சென்னைக்குப் போனால் அச்சடித்த மெட்டீரியல் கட்டுகள்தான் கூடும். வி.ஏ.ஓ. வேலை பிள்ளை தானே தேர்ந்தெடுத்தது. மாமாவின் கௌரவத்துக்காக அதை மாற்றாதீர்கள். குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரத் தேர்வு. 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். 6 முதல் 10 வரையுள்ள பள்ளிப் புத்தகங்கள்தான் அடித்தளம். பாடநூல் கழக இணையதளத்தில் அவை இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் கட்டணம் கிடையாது.

குறை நோட்ஸ் எடுக்கும் விதத்தில்தான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினால் கைதான் வேலை செய்யும். பத்தி முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் அடித்தால் எது முக்கியம் என்றே தெரியாது.

இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒரு லாங் சைஸ் நோட்டில், பக்கத்தின் இடது ஓரத்தில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் விட்டுக் கோடு போட வேண்டும். பேனாவைத் தொடாமல் ஒரு தலைப்பைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வலப்பக்கம் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். 'பெரியாறு அணை, 1895, பென்னிகுவிக். மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வழியே வைகைக்குத் திருப்பினார்கள்.' இவ்வளவு போதும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கலாம். அந்தச் சிவப்பை அழிக்கக் கூடாது. எது மறக்கிறது என்று காட்டுவது அதுதான். இடது ஓரத்தில் கேள்வி: 'பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு எப்படி வந்தது?' கூடவே வகுப்பு, பாடம், பக்க எண். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கட்டும். வைகை அணை, 1959 என்று பின்னால் படிப்பதை அங்கே சேர்க்கலாம். இடம் விடாமல் எழுதுபவர்கள்தான் மூன்றாம் மாதம் புது நோட்டு போட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறார்கள். ஸ்கெட்ச் பேனாவில் அழகாக ஃபேர் காப்பி எடுப்பதும் நேரக்கேடு.

மறுநாள், பிறகு ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து வலப்பக்கத்தை அட்டையால் மறைத்து, கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். இந்தச் சோதனை இல்லாத நோட்டு வெறும் காகிதம். கணக்குக்கு மட்டும் சூத்திரத்தோடு நிறுத்தாமல், எந்தப் படியில் சிக்கினாள் என்று எழுதட்டும்.

மாதிரித் தேர்வுக்குத் தனியாக ஒரு 40 பக்க நோட்டு. தவறிய கேள்வியும் காரணமும் மட்டும்: தெரியவில்லை, குழம்பினேன், கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. வீட்டில் இடைஞ்சல் என்றால் மதுரை நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மாமா மறுபடி வந்தால், இரண்டு மாதம் கழித்து அந்தச் சின்ன நோட்டைக் காட்டிப் பேசுங்கள். அதுவரை எந்த கோச்சிங்குக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.