இரண்டாம் வகுப்புப் பையனுக்கு இப்போதே பல்கலைக்கழகம் வரை திட்டம் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். மகன் தொடக்கநிலை 2. பிஎஸ்எல்இ (தொடக்கநிலை 6 இறுதித் தேர்வு), நல்ல உயர்நிலைப் பள்ளி, ஜேசி (ஜூனியர் காலேஜ்), 18 வயதில் என்யூஎஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அட்டவணை போட்டிருக்கிறேன். எதையாவது விட்டுவிட்டேனா?

பதில்: அட்டவணையைப் பார்த்தாலே தெரிகிறது, ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது, வீட்டில் ஒருவராவது ஐடி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் புளோக்கிலும் அப்படிப் பல குடும்பங்கள் உண்டு, தங்கமான மனிதர்கள்.

என் மகள் பிஎஸ்எல்இ எழுதியது 2015இல், டி-ஸ்கோர் காலம். மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து நம் பிள்ளையின் எண்ணும் மாறும். பள்ளி மண்டபத்தில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, போன வருடத்துக் கட்-ஆஃப் பட்டியலைக் கைப்பேசியில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். என் மகள் முடிவுத்தாளை நீட்டிவிட்டு, "அம்மா, கேன்டீன் திறந்திருக்கா? மீ சியாம் வாங்கலாமா?" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். கிடைத்தது நார்மல் அகாடமிக், எக்ஸ்பிரஸுக்கு அடுத்த பிரிவு.

அந்தப் பொங்கலுக்கு வந்த நாத்தனார், "அண்ணி, இன்னும் ரெண்டு டியூஷன் போட்டிருந்தா எக்ஸ்பிரஸ் போயிருப்பா" என்றாள். பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் பொங்கல் வைக்கவா?" என்று கேட்டதோடு விட்டேன்.

பிறகு நார்மல் பிரிவுக்கான என் லெவல் தேர்வு, பாலிடெக்னிக்கில் ஃபவுண்டேஷன் என்ற ஆயத்தப் படிப்பு ஒரு வருடம், எக்ஸ்பிரஸ் பிள்ளைகள் எழுதும் ஓ லெவல் எழுதாமலே டிப்ளோமா. இப்போது பொங்கோலில் எஸ்ஐடி பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங்.

'உங்கள் மகள் விதிவிலக்கு' என்று எழுத உடனே யாராவது வருவீர்கள். அவள் வகுப்பில் எல்லோரும் பட்டம் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. விட்டால் பிள்ளை தானாகப் படித்துவிடும் என்றும் சொல்லவில்லை. ராத்திரி உட்கார்ந்து பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான் நானும்.

விஷயம் வேறு. 2015இல் உங்களைப் போல ஓர் அட்டவணை போட்டிருந்தால் இன்று அது பழைய பேப்பர்காரருக்குத்தான். 2021இல் டி-ஸ்கோர் போய் ஏஎல் என்ற தர முறை வந்தது: நான்கு பாடத்துக்கும் தலா 1 முதல் 8, கூட்டினால் 4 முதல் 32, குறைந்தால் நல்லது. 2024இல் உயர்நிலை 1க்குப் போனவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவே இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலைகள், ஜி3தான் கடினமானது. 2027 முதல் ஓ லெவல், என் லெவல் இரண்டுக்கும் பதிலாக எஸ்இசி என்ற ஒரே சான்றிதழ். 2028 முதல் ஜேசி சேர்க்கைக்கு ஆறு பாடத்துக்குப் பதில் ஐந்து பாடம்தான் கணக்கு. உங்கள் பையன் அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்னும் என்னென்ன மாறுமோ!

அதனால் தொடக்கநிலை 4 வரை பாருங்கள், போதும். அந்த வருடக் கடைசியில்தான் எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுக்கலாம் என்று பள்ளி பரிந்துரை தரும். அதுவரை வீட்டில் தமிழில் பேசுங்கள். நான்கு பாடத்தில் தமிழும் ஒன்று, கணக்குக்கு உள்ள அதே எடை. அதில் வாய்மொழிக்கும் கேட்டல் கருத்தறிதலுக்கும் மட்டும் 35 விழுக்காடு. வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டுத் தொடக்கநிலை 6இல் தமிழ் டியூஷனுக்கு ஓடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

டியூஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பணம் கட்டும்போது திரும்ப வாங்கும் விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நாங்கள் நிறுத்தியபோது, நோட்டீஸ் தரவேண்டிய தேதி தாண்டிவிட்டது என்றார்கள். அந்தத் தேதி ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணைத் திட்டி என்ன பிரயோஜனம், வந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கடைத்தொகுதிப் பக்கம் போனால் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், தெரியும்.

எதையாவது விட்டீர்களா என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றை விட்டிருக்கிறீர்கள். பையன் சிட்டிசன் என்றாலும், உங்கள் மூலமாகப் பிஆர் (நிரந்தரவாசி) ஆனாலும், தேசிய சேவை என்ற கட்டாயப் பணி, ராணுவம் மாதிரி, முழுநேரமாகச் சுமார் இரண்டு வருடம். பொதுவாக ஜேசியோ பாலியோ முடித்ததும் முதலில் அங்கேதான். '18 வயது, என்யூஎஸ்' என்று நீங்கள் எழுதியிருக்கும் கட்டத்தில் அவன் மொட்டைத் தலையோடு தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியில் இருப்பான். அந்த வரியை மட்டும் இப்போதே திருத்திவிடுங்கள்.