‘நானோ எமிட்டர்’ டிவியாம், வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். தங்கை கல்யாணச் சீருக்கு 43 இன்ச் டிவி பார்க்கப் பொள்ளாச்சி போனோம். ஒரு கடையில், “இது நானோ எமிட்டர் டிவி, ஃபீல்டு எமிஷன் டெக்னாலஜி, எல்இடி எல்லாம் பழசு” என்று எட்டாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? பின்னால் தகராறு வந்தால் பொள்ளாச்சிக்குத்தான் அலைய வேண்டுமா?

பதில்: எட்டாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். ஃபீல்டு எமிஷன் திரை என்று ஒன்று உண்டு. அது அந்தக் கடையில் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை.

பழைய டப்பா டிவியில் பின்பக்கம் சூடான கம்பியிலிருந்து எலக்ட்ரான் பாய்ந்து, முன்கண்ணாடியில் பூசிய பாஸ்பரை ஒளிர வைக்கும். அதற்காகத்தான் அவ்வளவு பெரிய வயிறு. சூடேற்றாமலே எலக்ட்ரானை இழுக்க முடியும்: முனை மிகக் கூராக இருந்தால் மின்புலம் அங்கே குவிந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். இதுதான் ஃபீல்டு எமிஷன். ஸ்பிண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1968-இல் மாலிப்டினத்தில் குட்டிக் கூம்புகள் செய்து இதைக் காட்டினார். பிறகு கூம்புக்குப் பதில் கார்பன் நானோ குழாய்களை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இப்படிப் பல முனைகள். டப்பா டிவியின் நிறம், தட்டை டிவியின் ஒல்லி. ஆசை நியாயமானதுதான்.

ஆனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வெற்றிடம் வருஷக்கணக்கில் கெடாமல் நிற்க வேண்டும். மிச்சமிருக்கும் துளி வாயுவே முனைகளை அரித்துவிடும். அதற்குள் எல்சிடி விலை மளமளவென்று இறங்கிவிட்டது. இதே குடும்பத்து எஸ்இடி திரைக்காகக் கேனானும் தோஷிபாவும் கைகோத்தன. 2007-இல் தோஷிபா விலகியது, 2010-இல் கேனானும் வீட்டு டிவி முயற்சியைக் கைவிட்டது.

அப்படியானால் கடைக்காரர் காட்டியது என்ன? பெரும்பாலும் பின்விளக்கு வைத்த எல்சிடிதான். கடைகளில் ‘எல்இடி டிவி’ என்று விற்பதும் இதைத்தான். நானோ துகள் படலம் சேர்த்த எல்சிடிகள் உண்மையிலேயே விற்கின்றன. ‘நானோ’ அங்கிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்து, நிறுவனத்தின் இணையதளத்தில் பேனல் வகையைப் பாருங்கள். கடையிலேயே முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போடச் சொல்லி, விளக்கை அணைத்துப் பாருங்கள். மூலைகளில் சாம்பல் வெளிச்சம் கசிந்தால் உள்ளே பின்விளக்கு இருக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். “ஃபீல்டு எமிஷன் என்று பில்லில் எழுதித் தாருங்கள்” என்றும் கேளுங்கள். எழுத மாட்டார்.

எல்லை தாண்டி வாங்குவதில் பயம் வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், உங்களுக்குப் பாலக்காடு. இந்த விலைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டும் பார்க்கலாம். வாரண்டி கம்பெனியுடையதா, கடை சீல் மட்டுமா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம், சீர் டிவி அல்லவா? பில்லைத் தங்கை பெயரில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு சர்வீஸுக்கு அலையப்போவது அவர்தான்.