சினிமா கேள்வி-பதில்: காலிப் பெட்டியில் இரண்டு டைனமைட்

கே: ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) மூன்று விதமாகக் கிடைக்கிறதாமே, எதைப் பார்ப்பது? (வாசகர், ஈரோடு)

ப: ஓடும் நேரத்தைப் பாருங்கள். சுமார் 95 நிமிடம் என்றால் யுனிவர்சல் அன்று வெளியிட்டது. 108 என்றால் எழுபதுகளில் கிடைத்த முன்னோட்டப் பிரதி. 111 நிமிடப் பிரதிதான் உங்களுக்கு வேண்டியது. ஸ்டுடியோ தன்னைக் கேட்காமல் படத்தை மாற்றியதும், 1957 டிசம்பரில் வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதை வைத்து 1998-இல் வால்டர் மர்ச் திரும்பத் தொகுத்தது இது.

கே: அந்த முதல் ஷாட்டில் அப்படி என்ன விசேஷம்? (வாசகி, திருச்சி)

ப: வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. குண்டின் டைமரைத் திருகும் கையில் தொடங்கி, காரின் டிக்கியில் அதை வைப்பது, கூரைகளுக்கு மேலே எழுவது, நடந்து போகும் தம்பதியிடம் இறங்குவது, எல்லைச் சோதனைச் சாவடி என்று கிரேன் அலைகிறது. கார் பிரேமை விட்டுப் போவதும் திரும்ப வருவதுமாக இருக்கும். எப்போது வெடிக்குமோ என்ற பதைப்பு அதில்தான். கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியே மெக்சிகோ எல்லை ஊராக வேஷம் போட்டது. 1958 பிரதியில் இதன்மேல் பெயர்கள் ஓடும், மான்சினியின் இசை ஒலிக்கும். 1998 பிரதியில் இரண்டும் இல்லை. மதுக்கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் பாட்டு வந்து போகிறது. எந்தக் கார் என்று காதாலேயே கண்டுகொள்ளலாம்.

கே: கடைசியில் சாஞ்செஸ்தான் குண்டு வைத்தவன் என்று தெரிகிறது. அப்படியானால் போலீஸ் அதிகாரி குவின்லன் செய்ததில் என்ன தவறு? (வாசகர், மதுரை)

ப: ‘தெரிகிறது’ என்பது கொஞ்சம் அதிகம். சாஞ்செஸ் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் ஷ்வார்ட்ஸ் போகிறபோக்கில் சொல்வதோடு சரி. எந்த அறையில், எத்தனை அடிக்குப் பிறகு என்று படம் காட்டுவதில்லை.

சாஞ்செஸ் வீட்டைப் போலீஸ் சோதனை போடும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மெக்சிகோவின் போதை ஒழிப்பு அதிகாரி வர்காஸ் குளியலறையில் ஒரு ஷூ பெட்டியைத் தட்டிவிடுகிறார், காலி. பிறகு அதே பெட்டியிலிருந்து இரண்டு டைனமைட் குச்சிகளை ‘கண்டுபிடிக்கிறார்’ குவின்லனின் சகா மென்சீஸ். நெரிசலான அறை, நீண்ட ஷாட். முதல் முறை பார்க்கும்போது பெட்டியை நாமும் மறந்துவிடுவோம். மென்சீஸுக்கே அது குவின்லன் வைத்த பொய் சாட்சியம் என்று தெரியாது. குருவைக் கும்பிடும் சீடன்.

குவின்லன் லஞ்சம் வாங்குகிறவர் அல்ல. வான்கோழிப் பண்ணை ஒன்றுதான் சொத்து. மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் தப்பிவிட்டான். அன்று முதல் யாரும் தப்பக்கூடாது என்று இருப்பவர். உள்ளுணர்வு பெரும்பாலும் சரி, சாட்சியம் மட்டும் பொய். இந்த முறை அத்தோடு நிற்காது என்பதே என் பதில். பொய் சாட்சியம் அம்பலமாகப் போகிறது என்றதும், குண்டு வழக்கில் சம்பந்தமே இல்லாத வர்காஸின் மனைவியைப் போதை வழக்கில் மாட்டிவிட உள்ளூர் தாதா கிராண்டியோடு கைகோர்க்கிறார். பிறகு அந்தக் கிராண்டியையும் நெரித்துக் கொல்கிறார். அங்கே விட்டுப்போன கைத்தடி மட்டும் வைத்த சாட்சியம் அல்ல.

கே: வர்காஸ் நல்லவர்தானே? (அதே வாசகர்)

ப: கடைசிக் காட்சியில் அவர் செய்வது குவின்லனின் பேச்சை ஒட்டுக்கேட்பது. குருவின் பொய் தெரிந்துவிட்ட மென்சீஸின் உடம்பில் மைக், வர்காஸின் கையில் ரெக்கார்டர். ஒலி தெளிவாக விழ அருகிலேயே இருக்க வேண்டும். எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே ஏறி இறங்கி, அழுக்குத் தண்ணீரில் நடந்து பின்தொடர்கிறார். பாலத்தின் கீழே வந்ததும் கருவி எதிரொலிக்கிறது. குவின்லனுக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது. மென்சீஸைச் சுடுகிறார். சாகும் முன் மென்சீஸ் திருப்பிச் சுடுகிறார்.