கற்பவரும் வழிகாட்டியும்: கேள்வி பதில்

கேள்வி: என் துறையின் மூத்தவர்கள் பலருக்கு, "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று எழுதினேன். ஒருவரும் பதில் தரவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: அந்த வேண்டுகோளில் பதில் சொல்வதற்கு எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். நீங்கள் எதுவரை தனியாக வந்தீர்கள், எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறீர்கள் என்று அறியாத ஒருவர், எவ்வளவு நல்லெண்ணம் உடையவராக இருந்தாலும், எங்கிருந்து தொடங்குவார்? பின்னாளில் பெரும் அறிவியலாளரான மைக்கேல் பாரடே, லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, 1812ஆம் ஆண்டில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்டு, தாம் எடுத்த குறிப்புகளைப் படங்களுடன் விரித்தெழுதி, ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்ட நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். உடனே வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் 1813இல் உதவியாளர் பணியிடம் காலியானபோது டேவி அவரையே அழைத்தார். நீங்கள் 300 பக்கம் எழுத வேண்டியதில்லை. "இந்தக் கணக்கை இரண்டு வழிகளில் செய்து பார்த்தேன், மூன்றாம் வரிக்குப் பிறகு விடைகள் வேறுபடுகின்றன, என் பிழை எங்கே?" என்று, செய்த தாளையும் இணைத்து அனுப்புங்கள். அதற்குப் பதில் சொல்லப் பத்து நிமிடம் போதும் என்பதால், பதில் வரும் வாய்ப்பும் கூடும்.

கேள்வி: என் வழிகாட்டியின் விமர்சனம் கடுமையாக இருக்கிறது. கேட்டபின் சில நாள்கள் வேலையே ஓடுவதில்லை. பொறுத்துக்கொள்வதுதான் முறையா?

பதில்: கடுமையையும் பயனையும் ஒன்றாக எண்ண வேண்டாம். பின்னூட்டம் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து குளூகர், டினிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் வெளியிட்ட கட்டுரையில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பின் செயல்திறன் குறைந்தே போயிருந்தது தெரியவந்தது. செய்யும் வேலையை விட்டு, செய்பவர்மீது கவனம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஆகவே, "உனக்கு எழுத வராது" என்று அவர் சொன்னால், "எந்தப் பத்தி தடுமாறுகிறது, ஐயா?" என்று தாளை நீட்டுங்கள். சுட்டிக்காட்டினால், கடுமையைப் பொருட்படுத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டிக்காட்ட மறுத்து மறுபடியும் உங்களையே எடைபோடுகிறார் என்றால், அவர் திறமைசாலியாக இருக்கலாம். உங்களுக்கு உரிய வழிகாட்டி அல்லர் என்பது என் கருத்து.

கேள்வி: அவர் சொல்லும்போது எல்லாம் புரிகிறது. ஒரு வாரம் கழித்து ஒன்றும் நினைவில் இல்லை.

பதில்: குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். படித்த சூட்டில் தோன்றும் தெளிவை நம்பாதீர்கள். குறிப்பேட்டை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அதுவே அடுத்த சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: வழிகாட்டியின் கருத்தோடு இப்போது உடன்பட முடியவில்லை. விலகினால் நன்றி மறந்ததாகாதா?

பதில்: ஆகாது. 1824இல் பாரடே, பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுவதை அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். ஆயினும் பாரடே தேர்வானார், ஆய்விலும் தம் வழியே சென்றார். விலகுவதற்கு முன், மாறுபடும் இடத்தை அவரிடமே நேரில் சொல்லிவிடுங்கள். பிறர் வாயிலாக அவர் கேட்க நேர்வதுதான் உறவை முறிக்கும்.

கேள்வி: ஒரே நேரத்தில் இருவரிடம் கற்கலாமா?

பதில்: வெவ்வேறு திறன்களுக்குத் தாராளமாகக் கற்கலாம். ஒரே திறனுக்கு என்றால், அடிப்படை கைவரும் வரை ஒருவர் போதும். அதற்கு முன் இருவரின் முறைகளைக் கலந்தால், பிழை எந்த முறையில் நேர்ந்தது என்பதை நீங்களும் கண்டுபிடிக்க முடியாது, அவர்களும் கண்டுபிடிக்க முடியாது.