விரல் நுனியில் வருவது 'சீ'யா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 56 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு மாதமாக வீடியோ பார்த்து, மூச்சும் மெதுவான அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சியான சீகோங் செய்கிறேன். மரத்தைக் கட்டிக்கொண்டதுபோல 20 நிமிடம் நிற்பது, பிறகு எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின். ஒவ்வொரு அசைவுக்கும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பலமாக விடுகிறேன். விரல் நுனியும் உதட்டோரமும் குறுகுறுக்கின்றன, லேசாகத் தலை சுற்றுகிறது. இதுதான் 'சீ', அதாவது உடம்பில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி, பாய்வது என்கிறார் நண்பர். வலது முழங்காலின் உள்பக்கம் வலி வேறு. இது ஐயாயிரம் வருடக் கலையாமே! தொடரலாமா?

ர.

அன்புள்ள ர.,

தொடரலாம், ஆனால் இப்படியே வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூச்சு மிஞ்சிப்போயிருக்கிறது. மெதுவாகக் கையசைக்கும் உடம்புக்குக் கொஞ்சம் காற்றே போதும். இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். நரம்புகள் தூண்டப்பட்டு விரலும் உதடும் குறுகுறுக்கும். நாளைக்கு மூச்சை மறந்துவிட்டுக் கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். குறுகுறுப்பு வரவில்லையென்றால் காரணம் இதுதான். அப்படியும் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளால் நிற்கும்போது அழுத்தம் இறங்கிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தோள் தளர்ந்ததும் உள்ளங்கையில் ஒரு கதகதப்பும் கனமும் வரும். அது வேறு. அதைச் 'சீ' என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

மூக்கால் மூச்சு விடுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. நாக்கு நுனி மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டிருக்கட்டும். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். அடக்கி வைக்க வேண்டாம். கை மேலே போய்ச் சேருவதற்குள் மூச்சு முடிந்துவிட்டால் நடுவில் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

இனி முழங்கால். நின்றபடி குனிந்து பாருங்கள். கால் விரல்கள் வாத்துப்போல வெளியே திரும்பி, முழங்கால் சில்லு உள்ளே சாய்ந்திருந்தால் உள்பக்கத் தசைநார் இழுபடும். பாதங்களைத் தோளகலத்தில் இணையாக வையுங்கள். சில்லு இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்கட்டும். ரொம்ப மடக்கவும் வேண்டாம், பூட்டு விடுபட்டால் போதும். பின்னால் ஒரு உயரமான ஸ்டூலைப் போட்டு, அதன் விளிம்பு உட்காருமிடத்தில் பட்டும் படாமலும் இருக்கும்வரை இறங்குங்கள். உங்கள் அளவு அதுதான். முழங்காலை விறைத்துப் பூட்டிக்கொண்டு நிற்பதும் தப்பு. ரத்தம் காலிலேயே தேங்கி, மயக்கம்வரை கொண்டுபோகும்.

கைகள் மார்பு உயரத்தில் வட்டமாக இருக்கும்போது முழங்கை மணிக்கட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அது மேலேறினால் தோளும் காதை நோக்கி ஏறிவிடும், தளர்ச்சி போச்சு. அப்படி ஏறுவது தெரிந்தால் கையைத் தொப்புள் உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். 20 நிமிடம் உங்களுக்கு இப்போது அதிகம். 5 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். தொடை நடுங்கினால் பயப்பட வேண்டாம், தசைக் களைப்புதான். மூட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து செய்யலாம். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐயாயிரம் வருடக் கதையை விடுங்கள். 1973-இல் சீனாவின் மவாங்துய்யில், கி.மு. 168-இல் மூடிய ஒரு கல்லறையில், 44 மனித உருவங்கள் உடற்பயிற்சி செய்யும் பட்டு ஓவியம் கிடைத்தது. நல்ல பழமைதான், போதாதா? 'சீகோங்' என்ற பெயர் பரவலானதோ 1950-களில்தான்.

பாதுவான்ஜினில் உங்களுக்கு மூன்று இடங்கள் இடிக்கும். ஐந்தாவதில் குதிரை நிலையில், அதாவது காலை அகட்டி முழங்காலை மடக்கி, இறங்கி உடம்பைச் சுழற்றுவது முழங்காலைத் திருகும். வலி தீரும்வரை விட்டுவிடுங்கள். ஆறாவதில் குனிந்து பாதத்தைத் தொட வேண்டும். தலை இதயத்துக்குக் கீழே போகாமல் கையைத் தொடையோடு நிறுத்திக்கொண்டு மெதுவாக நிமிருங்கள். எட்டாவதில் குதிகாலை ஏழு முறை உயர்த்தித் 'தொப்'பென்று போடச் சொல்வார்கள். வீடியோக்காரர் போடட்டும், நீங்கள் குதிகாலைத் தரையில் வைத்தால் போதும்.