சூப்பர் மீட்டியோர் 650இல் தொலைதூரம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 வாங்கியிருக்கிறேன். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே நாளில் போகலாமா?

பதில்: வண்டி போகும் தம்பி. 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், நூறு கி.மீ. வேகத்திலும் இன்ஜின் திணறாது. உங்கள் முதுகு தாங்குமா என்பதுதான் கேள்வி. காலை முன்னால் நீட்டி உட்காருவதால் உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில்தான் இறங்கும், பின் சஸ்பென்ஷனோ (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) 101 மி.மீ.தான் அசையும், அதனால் நாலுவழிச் சாலையில் சோபா மாதிரி இருக்கிற அதே வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் நேராக முதுகில் குத்தும், அந்த நேரத்தில் சட்டென்று எழுந்து நிற்கவும் வராது. சுமார் 700 கி.மீ. இருக்கிறது. நானாக இருந்தால் மதுரையில் தங்கிவிடுவேன்.

கேள்வி: மீட்டியோர் 350 போதாதா சார்?

பதில்: தனியாக, 80-90இல் நிதானமாகப் போகிறவருக்குத் தாராளமாகப் போதும். 191 கிலோதான், ஊருக்குள் வளைத்து நெளித்து ஓட்டலாம். பலர் பெருமைக்காகத்தான் 650க்குப் போகிறார்கள் (சொன்னால் கோபம் வரும்). ஆனால் பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை, முன்னால் லாரி என்று வந்துவிட்டால் 20 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஓவர்டேக் செய்ய ரொம்பப் பொறுமை வேண்டும்.

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம். கால் எட்டுமா அண்ணா?

பதில்: எட்டும்மா. சூப்பர் மீட்டியோர் 650இன் சீட் உயரம் 740 மி.மீ.தான். எடையைத்தான் யோசிக்க வேண்டும், 241 கிலோ. ஓடும்போது தெரியாது, நிறுத்தித் தள்ளும்போது தெரியும். சரிவான இடத்தில் முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்க, சுவரை ஒட்டி மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பின்னால் இழுக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

கேள்வி: கொல்லிமலை ஏறுமா?

பதில்: ஏறும். இறங்கும்போதுதான் பொறுமை வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு, வண்டியோ நீளம், ரொம்பச் சாய்த்தால் ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) தரையில் உரசும். இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு, இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி (இன்ஜின் பிரேக்கிங்) இறங்குங்கள்.

கேள்வி: டேங்க் ஒருமுறை நிரப்பினால் எவ்வளவு தூரம்? வேறு என்ன எடுத்துப் போகணும்?

பதில்: 15.7 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 22 என்று குறைத்தே கணக்குப் போட்டு 300 கி.மீ.க்குள் பங்க் பார்த்துவிடுங்கள். அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர், அதனால் பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்பும் போதும். அப்புறம் செயின் ஸ்பிரே. 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.