பிரைடின் கதை முடிந்தது எந்த நாளில்?

கேள்வி: ஜப்பானின் 'பிரைட்' எம்.எம்.ஏ. (பல தற்காப்புக் கலைகள் கலந்த சண்டை) போட்டியை அமெரிக்காவின் போட்டி நிறுவனமான யு.எஃப்.சி. பொறாமையில் விலைக்கு வாங்கி இழுத்து மூடிவிட்டது என்கிறார்களே? விதியே இல்லாமல் ஆண்கள் மோதிய அந்தக் காலம் இனி வருமா?
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டு பாதியுமே தவறு. தேதிகளைப் பாருங்கள். யு.எஃப்.சி.யின் அப்போதைய உரிமையாளர்களான ஃபெர்டிட்டா சகோதரர்கள் பிரைடை வாங்கப்போவதாக அறிவித்தது 2007 மார்ச் 27-இல். ஃபியூஜி டிவி பிரைடுடன் இருந்த ஒப்பந்தத்தை முறித்தது 2006 ஜூன் 5-இல். பிரைட் செத்தது அந்த ஜூன் மாதத்தில்தான். அதன்பிறகு நடந்ததெல்லாம் சொத்துக் கைமாற்றம்.

ஃபியூஜி டிவி காசில்லாமல் வீட்டுக்கு வீடு தெரியும் சேனல். அதில் ஒளிபரப்பானதால்தான் பெரிய விளம்பரதாரர்கள் வந்தார்கள், டோக்கியோவை அடுத்த சைத்தாமா சூப்பர் அரீனா அரங்கம் நிரம்பியது, வெளிநாட்டு நட்சத்திரங்களுக்குக் கேட்ட தொகையைக் கொடுக்க முடிந்தது. கட்டணம் கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பும் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தை மட்டும் வைத்து அத்தனை பெரிய செலவைத் தாங்க முடியாது. ஒரே தூணில் கூரையைப் போட்டது நிர்வாகம் செய்த பிழை. வாங்கியவர்கள் தலையில் அதைக் கட்டக் கூடாது.

சேனல் ஏன் விலகியது? பிரைடை நடத்திய டி.எஸ்.இ. நிறுவனத்துக்கும் யாகூசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல்களுக்கும் தொடர்பு உண்டு என்று 'ஷூகான் கெண்டாய்' வார இதழ் 2006-இல் தொடர்ந்து எழுதியது. நிறுவனம் மறுத்தது. அந்தச் செய்திகளின் வேர் 2003 டிசம்பர் 31-இல் இருக்கிறது. அன்றிரவு மூன்று சேனல்கள் மூன்று சண்டை நிகழ்ச்சிகளைப் போட்டி போட்டு ஒளிபரப்பின. பிரைடின் ஹெவிவெயிட் சாம்பியன் ஃபெடோர் எமெலியானென்கோ, கோபே நகரில் நடந்த எதிரணி நிகழ்ச்சியில் களமிறங்கினார். அதற்காக யாகூசா ஆட்கள் தன்னை மிரட்டினார்கள் என்று அந்த நிகழ்ச்சியின் அமைப்பாளர் பின்னாளில் புகார் சொன்னார். ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு இந்த மாதிரிப் பேச்சு ஒன்றே போதும், கையைக் கழுவிவிடும்.

'விதியே இல்லாமல்' என்கிறீர்கள். விதி இருந்தது, வேறு விதி. முதல் சுற்று 10 நிமிடம், அடுத்த இரண்டும் ஐந்தைந்து நிமிடம். முழங்கையால் தலையில் அடிக்கக் கூடாது. விழுந்து கிடப்பவரின் தலையை உதைக்கலாம், மிதிக்கலாம், முழங்காலால் இடிக்கலாம். சும்மா கட்டிப்பிடித்து நேரம் கடத்தினால் மஞ்சள் அட்டை. சம்பளத்தில் 10 சதவீதம் போய்விடும். நடுவர்கள் சுற்றுச் சுற்றாக மதிப்பெண் போடாமல் முழுச் சண்டையையும் சேர்த்துப் பார்த்தார்கள். எதிராளியை முடித்துவிட யார் அதிகம் முயன்றார் என்பதுதான் அவர்களின் முதல் அளவுகோல். இதனால் ஆட்டத்தின் இலக்கணமே வேறாக இருந்தது. ஐந்து நிமிடச் சுற்றில் கீழே அகப்பட்டவர் மணி அடிக்கும்வரை தாக்குப்பிடித்தால் தப்பிக்கலாம். 10 நிமிடத்தில் அது நடக்காது. ஏழாவது நிமிடத்தில் கனத்த உடம்பு மூச்சு வாங்கும்போது கைப்பூட்டு (எதிராளியின் கையை மடக்கிச் சரணடைய வைக்கும் பிடி) வந்து விழும்.

குறையும் இருந்தது. கூண்டுக்குப் பதில் கயிறு கட்டிய ரிங் என்பதால், உருண்டு புரளும் இருவரும் அடிக்கடி கயிற்றுக்கு வெளியே சரிவார்கள். நடுவர் நிறுத்தி, அதே பிடியோடு நடுவுக்கு நகர்த்தச் சொல்வார். அந்தப் பிடியை அச்சு அசலாக மறுபடி அமைப்பது சாத்தியமில்லை. பாதி முடிந்த பூட்டு அங்கேயே தளர்ந்துவிடும்.

இன்னும் பெரிய குறை, வெளியாரின் கண்காணிப்பு இல்லாதது. 2006 அக்டோபரில் பிரைட் முதன்முதலாக லாஸ் வேகஸில் நிகழ்ச்சி நடத்தி, நெவாடா மாநில ஆணையத்தின் பரிசோதனைக்கு உட்பட்டது. ஒரே இரவில் விட்டோர் பெல்ஃபோர்ட், பவெல் நஸ்துலா இருவரும் ஊக்கமருந்தில் சிக்கினார்கள். சைத்தாமாவில் அப்படிச் சோதிக்கச் சுதந்திரமான ஆணையம் எதுவும் கிடையாது. பிரைடை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் நேசிக்க வேண்டும்.

எடை வித்தியாசத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2002 ஆகஸ்ட் 28-இல் டோக்கியோ தேசிய மைதானத்தில் பிரேசில் வீரர் நொகெய்ராவுக்கு எதிரே நின்ற அமெரிக்கர் பாப் சாப்பின் எடை சுமார் 170 கிலோ. நொகெய்ராவைவிட அறுபது கிலோவுக்கு மேல் கூடுதல். தொடக்கத்திலேயே நொகெய்ராவைத் தூக்கித் தலைகீழாகத் தரையில் இறக்கினார் சாப். அதைத் தாங்கிக்கொண்ட நொகெய்ரா இரண்டாவது சுற்றில் கைப்பூட்டுப் போட்டு வென்றார். வியக்கத்தக்க சண்டைதான். ஆனால் கழுத்து முறிந்திருந்தால் அந்த ஜோடியைச் சேர்த்தவர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

வாங்கியவர்கள் மீதும் குறை உண்டு. பிரைடைத் தனியாக நடத்துவோம் என்று அறிவித்தார்கள், நடத்தவில்லை. 2007 ஏப்ரல் 8-இல் சைத்தாமாவில் நடந்த 34-ஆவது பிரைட்தான் கடைசி. அக்டோபரில் ஜப்பான் அலுவலகம் மூடப்பட்டது. சேனல் கிடைக்காத இடத்தில் நிகழ்ச்சி நடத்த அவர்களாலும் முடியவில்லை. ஃபெடோரோ கடைசிவரை யு.எஃப்.சி.யில் சண்டையிடவே இல்லை.

திரும்புமா என்றால், ஒரு பகுதி ஏற்கெனவே திரும்பிவிட்டது. டி.எஸ்.இ.யின் தலைவராக இருந்த நொபுயுகி சகாகிபாரா 2015-இல் 'ரிஜின்' தொடங்கினார். அங்கே இன்றும் ரிங்தான், விழுந்தவரின் தலையை உதைக்கவும் அனுமதி உண்டு.

பழையதைப் பார்க்க ஆசையிருந்தால் வெற்றித் துணுக்குகளை விடுங்கள். 2000 மே 1 கிராண்ட் பிரீ தொடரில் ஜப்பானின் சகுராபாவும் பிரேசிலின் ராய்ஸ் கிரேஸியும் மோதிய சண்டையை முழுதாகப் பாருங்கள். கிரேஸி குடும்பம் கேட்டு வாங்கிய தனி விதி: சுற்றுக்கு வரம்பில்லை, நடுவர் நிறுத்தக் கூடாது. 15 நிமிடச் சுற்றுகள் ஆறு, மொத்தம் 90 நிமிடம். ராய்ஸின் அங்கியையே பிடித்து இழுத்து அவரைத் திணறடிக்கிறார் சகுராபா. காலில் உதைத்து உதைத்து நிற்க முடியாமல் செய்கிறார். ஆறாவது சுற்று முடிந்ததும் ராய்ஸ் தரப்பு துண்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொள்கிறது. அதே இரவில், அதே உடம்போடு, தன்னைவிடக் கனத்த இகோர் வோவ்சான்சினுடன் இன்னும் 15 நிமிடம் மோதுகிறார் சகுராபா. அடுத்து 2003 மார்ச் 16, ஃபெடோர் – நொகெய்ரா. அதன்பின் 2005 ஆகஸ்ட் 28, ஃபெடோர் – குரோஷிய வீரர் குரோகாப். பார்க்கும்போது அரங்கத்தையும் கவனியுங்கள். குத்து விழும்போது மட்டுமல்ல, கீழே கிடப்பவரின் கால்களைத் தாண்டி ஒருவர் பக்கவாட்டுக்கு நகரும்போதும் அந்தக் கூட்டம் கைதட்டும்.